பேஜாருன்னா பேஜாருதான்

டீ மணி அடித்தால் மற்றவர்கள் கேன்டீனைப் பார்த்து ஓடுவார்கள். சாம்சன் எதிர்த் திசையில் நடப்பார். இடுப்புக் கயிற்றில் தொங்கும் வால்வு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, யார்டில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். கேஸ் தீயால் இரும்பு அறுக்கும் மற்ற கட்டர்கள் அரைகுறையாக மூடிவிட்டுப் போனவற்றை இன்னொரு திருகு திருகுவார். பிறகு குனிந்து, வால்வுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் டாக்டர்கூட அவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை. "டீ அடிக்க ஓடத் தெரியுது, இத்த மூடினு போவத் தெர்ல. காத்து போவுது பாரு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். அவர் கேன்டீனுக்கு வந்து சேரும்போது டீ ஆறி, பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் கிடக்கும். அதைத்தான் குடிப்பார்.

"சாம்சண்ணன் வராருடா, மூச்ச அடக்கிக்கோ, வேஸ்ட் பண்ணாதே" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலை எங்களுடையது. பெயர் எதற்கு, அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் அப்படி ஓர் ஆலையில்தான் விழவேண்டும். நான் டைம் ஆபீஸில் இருக்கிறேன். ஒரு மனிதனை 'வந்தான்', 'வரவில்லை' என்ற இரண்டே சொல்லில் அடக்கிவிடுகிற உத்தியோகம். சாம்சன் கேஸ் கட்டர். லோகு என்கிற கான்ட்ராக்டரிடம் கூலி. லாரியில் வந்து கொட்டுகிற பாய்லர், பஸ் கூரை, பீரோ, கோயில் கேட், எதுவானாலும் உலையின் வாய்க்குள் நுழைகிற அளவுக்கு அறுத்துக் கொடுப்பது அவர் வேலை. எல்பிஜியும் ஆக்சிஜனும் சேர்ந்து சீறுகிற தீயால் இரும்பை வெண்ணெய்போல அறுப்பார். ஆள் குள்ளம், பேச்சு சத்தம். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்டுக் கடுகு சிதறினாற்போலப் புள்ளிகள். சட்டையின் முன்பக்கம் சல்லடை. கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் அவருடைய சொந்த நிறம் தெரியும்.

அவருடைய அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவன் வயலில் நெல் அறுத்தவர். இவர் இரும்பு அறுக்கிறார். இவர் மகள் ஷைனி இரண்டையும் அறுக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவேண்டும் என்பது மனைவி ஞானம்மா போட்ட திட்டம். ஞானம்மா பக்கத்திலிருந்த மசாலா கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தார். சாம்சன் அப்போதெல்லாம் நல்ல விகடக்காரர். லோகு போனில் முதலாளியிடம் குழைவதையும் போனை வைத்ததும் எங்களிடம் குரைப்பதையும் அவர் செய்து காட்டினால், லோகுவே நின்று சிரித்துவிட்டுப் போவான்.

கொரோனா இரண்டாம் அலை வந்த மே மாதத்தில், கம்பெனிகளின் ஆக்சிஜனெல்லாம் ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். எங்கள் யார்டிலிருந்த சிலிண்டர்களை லாரியில் ஏற்ற ஆள் தேடியபோது, ஊரடங்கில் முடங்கிக் கிடந்தவர்களில் முதலில் வந்து நின்றவர் சாம்சன்தான். சிலிண்டரைச் சாய்த்து அடிவிளிம்பிலேயே உருட்டிக்கொண்டு போவதில் அவருக்கு இணை கிடையாது. பெண்டாட்டியின் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போகிறவர்போல அவ்வளவு பதமாகக் கொண்டுபோவார். "நம்ம கம்பெனி காத்து சார். எத்தினி பேரு இத்த வெச்சு மூச்சு வுடப் போறாங்க பாரு" என்று பெருமையோடு என்னிடம் சொன்னார். லாரி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நின்று பார்த்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் ஞானம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. தெரிந்த ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலுக்குப் போனார். அங்கே வரிசை. முன்னால் ஆம்புலன்ஸ்கள், நடுவில் கார்கள், கடைசியில் இவர்கள் ஆட்டோ. நோயிலும்கூட வண்டிக்குத் தக்க வரிசை. "காத்து வர்ல, காத்து வர்லன்னு சொல்லிகினே இருந்துச்சு சார். ஸ்கேன் எடுத்த கவரு கையில இருந்துச்சு. அத்தால விசிறினே இருந்தேன். கை வலிச்சு நிறுத்துனப்பதான் தெரிஞ்சுது, அது எப்பவோ நிறுத்திட்டிருக்குது." இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை. சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட வந்தவர், பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் இருமினான். சாம்சன் நகர்ந்து வழிவிட்டார்.

ஆலை திறந்தது. சிலிண்டர்கள் திரும்பி வந்தன. முதல் நாள் வால்வைத் திறந்ததும், இரும்பறுக்கும் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு நின்றார் என்று சொன்னார்கள். மறுநாளும் வந்தார். வராமல் என்ன செய்வது? "தொறக்கசொல்ல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது பாரு சார். அது ஞானம்மாக்குப் போவ வேண்டிய காத்து. நான் அத்த பீரோ மேல வுட்டுகினு கீறேன்." எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க அந்தச் சத்தம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. தூக்கம் போயிற்று. விகடம் போயிற்று. கை நடுங்க ஆரம்பித்தது. கேஸ் கட்டருக்குக் கை நடுங்கினால் அறுபடுவது இரும்பாக மட்டும் இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சாம்சனுக்கு வாய் இருந்தது, சொல்தான் இல்லை. எங்கள் பக்கத்தில் பஸ் வராவிட்டால் பேஜாரு. செருப்பு வார் அறுந்தால் பேஜாரு. மச்சான் கைமாற்று கேட்டு வந்து உட்கார்ந்தால் பெரிய பேஜாரு. மனைவி மடியில் செத்த பிறகு உள்ளே குடைந்துகொண்டிருப்பதைச் சொல்லவும் அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. பஜாரில் இருக்கிற கிளினிக்குக்குப் போய், "பேஜாரா கீது சார்" என்றார். டாக்டர் சிரித்து, "யாருக்குத்தான் பேஜாரு இல்ல? எனக்குந்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சபையில் போதகர் தலையில் கை வைத்து ஜெபித்தார். அன்று மட்டும் கொஞ்சம் அழுகை வந்ததாம். "அழுதா தேவல சார். அது ஞாயித்துக்கெழமதான் வருது" என்றார். லோகுவிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவன் டாஸ்மாக் பக்கம் கையைக் காட்டினான்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மனச்சோர்வா, அழையுங்கள் என்று ஒரு நம்பர். நான்தான் அவருக்கு அதைப் படித்துக் காட்டிப் போட்டுக் கொடுத்தேன். பாட்டு ஓடியது, நம்பரை அழுத்தச் சொன்னது, மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். தெற்கத்திப் பேச்சு, பிரியமான குரல்.

"சொல்லுங்கய்யா, என்ன செய்யுது உங்களுக்கு?"

"பேஜாரா கீதும்மா."

"என்னங்கய்யா? புரியலையே. பேஜாருன்னா என்னது?"

சாம்சன் யோசித்தார். கட்டை விரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "பேஜாருன்னா... பேஜாருதாம்மா."

அந்தப் பெண்ணுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. காய்ச்சல் இருக்கா என்றாள். இல்லை என்றார். மூச்சுத் திணறல் இருக்கா என்றாள். "எனக்கு இல்லம்மா" என்றார். "வீட்ல வேற யாருக்காவது இருக்காங்கய்யா?" என்றாள். சாம்சன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தக் குரல் ஐயா ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எப்படி அணைப்பது என்று தெரியாதவர்போல என்னிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கவுன்சிலிங் கூத்து. தடுப்பூசி முகாமில் ஒரு நர்ஸ், இவர் கை நடுங்குவதைப் பார்த்து, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க கவுன்சிலிங் போங்க. திருவள்ளூர்ல ஆஸ்பத்திரியில குடுக்கறாங்க" என்றாள். நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் ஒன்றுதான். இன்ஜினியரிங் சீட்டு. பிள்ளையையும் சர்டிஃபிகேட்டையும் கூட்டிக்கொண்டு போகவேண்டிய இடம். ஷைனி அந்த வருஷம் பரீட்சையே இல்லாமல் பிளஸ் டூ பாஸாகியிருந்தாள். இவர் மனசில் கிடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான். ஆஸ்பத்திரியில் எப்படிக் கவுன்சிலிங் என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் வார்டு நடந்த காலம் அது. கல்யாண மண்டபத்தில் மூக்கில் குச்சி விட்டார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுப்பதில் என்ன அதிசயம்?

என்னிடம் வந்து லீவு சொன்னபோது முகத்தில் பழைய சாம்சன் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "பொண்ணுக்குக் கவுன்சிலிங் சார். ஞானம்மா இருந்தா நாலு ஊட்டுக்குச் சொல்லினு வந்திருக்கும்" என்றார்.

ஷைனிக்கு அது வேறு கவுன்சிலிங் என்று தெரியும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் செல்போனிலேயே நடக்கிறது என்பதும் தெரியும். பின்னாளில் அப்பாவின் இஎஸ்ஐ கார்டு விஷயமாக ஆபீஸுக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "அப்பா அன்னிக்கிதான் அங்கிள் ஷேவ் பண்ணுச்சு. சட்டைக்கு இஸ்திரி போட்டுச்சு. நான் இன்னான்னு சொல்லுவேன்? எப்படியோ டாக்டராண்ட போய்ச் சேந்தா போதும்னு கூடவே போய்ட்டேன்."

போய்ச் சேர்ந்தார்கள். நல்ல டாக்டர், சின்ன வயசு. யாருக்கு என்று கேட்டார். "எம்பொண்ணுக்கு சார். கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று சாம்சன் சர்டிஃபிகேட் கவரை மேஜைமேல் வைத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். பெண்ணின் முகத்தைப் பார்த்தார், உட்காரச் சொன்னார், "தூங்கறியாம்மா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அதுவரை அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. அப்பாவை டாக்டரிடம் சேர்க்க வந்த பெண், அந்த நாற்காலியில் தான் உடைந்துபோனாள். ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு அப்பாவின் மூக்குக்கு எதிரே கையை வைத்துப் பார்ப்பதைச் சொன்னாள். அவர் திரும்பிப் படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவதைச் சொன்னாள். "அம்மாவ மாதிரி இதுவும் போய்டும்னு பயமா கீது டாக்டர். இதுவா எதுனா பண்ணிகினு போய்டுமோன்னும் பயமா கீது." சாம்சன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இங்கே சீட்டு கொடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மேஜைமேல் வைத்த கவரை மெல்ல எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். டாக்டர் அவரைப் பார்த்து, "உங்களையும் நான் தனியா பார்க்கணும். அடுத்த வாரம் உங்க பேருக்குச் சீட்டுப் போட்டுட்டு வாங்க" என்றார். வெளியே அத்தனை கூட்டம். ஒரு சீட்டுக்கு ஓர் ஆள்தான்.

ஆக, கவுன்சிலிங் அவருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது. தன் பேஜாரு மகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்ற செய்தி கிடைத்தது. அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் போனார். அறை பூட்டியிருந்தது. டாக்டர் கொரோனா டியூட்டியில் என்று ஒரு காகிதம். இன்னொரு முறை போனார். அதே பூட்டு, காகிதம் மட்டும் ஒரு மூலை பிய்ந்திருந்தது. யாரை வைவது? அந்த டாக்டர் எந்த ஊரில் யாருக்குக் குச்சி விட்டுக்கொண்டிருந்தாரோ. மூன்றாவது முறை லீவு கேட்டபோது லோகு கேட்டான்: "இன்னா சாம்சன், மாசா மாசம் கவுன்சிலிங்கா? பொண்ணுக்கு எத்தினி காலேஜு பாக்கறே?" சாம்சன், "ஆமா லோகு, சீட்டு ஆப்டல" என்று சொல்லிவிட்டு யார்டுக்குப் போய்விட்டார். கவுன்சிலிங்கைத் தப்பாகப் புரிந்துகொண்ட அந்தத் தவறே இப்போது அவருக்கு நல்ல மறைப்பாக இருந்தது. உண்மையான கவுன்சிலிங் செல்போனில் எப்போதோ முடிந்திருந்தது. இருவருக்கும் அதைப் பார்க்கிற நிலைமை இல்லை. ஷைனி இப்போது மசாலா கம்பெனியில், ஞானம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிறாள். 'அடுத்த வருஷம் படிக்க வெச்சுடலாம் சார்' என்று சாம்சன் சொல்கிறார். அதற்கு அவருடைய கூலி நிற்காமல் வரவேண்டும். கை நடுங்குகிற செய்தி வெளியே போகாமல் இருக்கவேண்டும்.

நடுங்குகிற கைக்கு ஓர் உபாயம் கண்டுபிடித்திருக்கிறார். டார்ச்சைப் பிடிக்கும் கையின் முட்டியை விலாவோடு ஒட்டி, துண்டால் ஒரு சுற்றுக் கட்டிக்கொள்கிறார். கேட்டால், "தோள் வலி நைனா" என்கிறார். பையன்கள் நம்புகிறார்கள். அவர் வெட்டிய ஓரங்கள் முன்புபோல நேராக இல்லை என்பதை அவருக்கு அடுத்து நிற்பவன் என்னிடம் சொன்னான். லோகுவிடம் சொல்லாதே என்றேன். "சொல்லமாட்டேன் சார், ஆனா எனக்கே பக்கத்துல நிக்க பயமா கீது" என்றான். அவன் பயமும் நியாயம்தான்.

ஜனவரியில் மறுபடியும் ஓர் அலை என்றார்கள். ஆலையில் மனநல முகாம் ஒன்று வைத்தார்கள். கேன்டீன் பெஞ்சுகளில் இடம் விட்டு உட்காரவைத்தார்கள். எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துப் பெயர் குறிக்க நான் ஓரத்தில் இருந்தேன். கதவருகே லோகு தன் ஆட்களைப் பார்த்தபடி நின்றான். முதலில் சேஃப்டி ஆபீசர் ரகுராம் பேசினார். திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம், எறும்பை மிதிக்காத மனுஷர். அவர் நல்லதற்குத்தான் சொன்னார்: "மனசு சரியில்லாதவங்க கேஸ், கிரேன், ஃபர்னஸ் பக்கம் நிக்கவே கூடாது. இது ரூல். அவங்க வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்." பர்மனென்ட் ஆளுக்கு ரெஸ்ட் என்றால் ரெஸ்ட். கூலிக்காரனுக்கு ரெஸ்ட் என்றால் கேட்டுக்கு வெளியே. அதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் அந்த பெஞ்சுகளில் யாருக்கும் இல்லை.

பிறகு ஹம்ஸா என்கிற பெண் பேசினார். மனநல ஆலோசகர். நான் கேலி செய்யத் தயாராகத்தான் இருந்தேன், முடியவில்லை. படம் காட்டவில்லை, பாடம் நடத்தவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்று, வேண்டியவர்களைப் பறிகொடுத்துவிட்டு மறுநாளே வேலைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசினார். தூங்காமல் கிடப்பவர்களைப் பற்றி, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறவர்களைப் பற்றி, அதற்குப் பேர் வைக்கத் தெரியாமல் இருப்பவர்களைப் பற்றிப் பேசினார். இவ்வளவு நாள் சாம்சன் தேடி அலைந்த ஆள், அவருக்கு எட்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "இதுல வெட்கம் ஒண்ணுமே இல்ல. இப்படி இருக்கறவங்க கையை மட்டும் தூக்குங்க. நாம தனியா பேசலாம்" என்றார்.

நான் சாம்சனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் அந்தப் பெண்மீதே இருந்தது. முழங்காலில் கிடந்த வலது கை எழுந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. நடுங்கிக்கொண்டே தோளைத் தாண்டியது. தூக்கு, தூக்கிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. தூக்காதே என்றும் அடித்துக்கொண்டது.

"ஐயா, சொல்லுங்க. நீங்களா?" என்றார் ஹம்ஸா.

ரகுராம் திரும்பினார். கதவருகே லோகு திரும்பினான். முன் பெஞ்சுகள் அத்தனையும் திரும்பின. கை காதோரம் நின்றது.

"ஒண்ணுமில்ல மேடம். மாஸ்க்கு லூசு."

கேன்டீனே சிரித்தது. "மாஸ்க்கு மட்டுந்தானாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். லோகுவும் சிரித்தான். சாம்சனும் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மாஸ்க்கின் காது வாரை இழுத்து, நடுங்குகிற விரல்களால் அதில் ஒரு முடிச்சுப் போட்டார். மறு காதுப் பக்கமும் இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.